2017 ஸ்விஃப்டா, புது வேகன்ஆரா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் டாக்சியே போதுமா?

பாபநாசம் டீச்சர்:

வணக்கம். ஊர் பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம் (திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் இல்லை, எப்போதும் யாராவது கேட்பார்கள்). உதவி பெறும் பள்ளியில் வேலை. வீட்டுக்காரர் திருப்பூரில், சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். இதுவரை ஸ்கூட்டிதான், அதுவே போதுமென்றுதான் இருந்தோம். மாமியாருக்கு முழங்கால் ரொம்ப மோசமாகி பஸ் படி ஏற முடியாத நிலை வந்த பிறகுதான் கார் பேச்சே வந்தது. தஞ்சாவூர் டாக்டரிடம் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. டாக்சிக்காரர் போய்வர, காத்திருப்போடு 1800 வாங்குகிறார். அதுவும் முகூர்த்த நாளென்றால் போனையே எடுப்பதில்லை.

கையில் 3 லட்சம் இருக்கிறது. எங்கள் தெருவில் ரிட்டயரான ஒரு சாருடைய மகன் வெளிநாடு போகிறார், அவருடைய 2017 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டியை விற்கப் போகிறார்களாம். சிங்கிள் ஓனர், 58,000 கிலோமீட்டர், 4.25 லட்சம் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் "தெரிந்த மனிதர், எடுத்துவிடலாம்" என்கிறார். என் தம்பி "ஜிஎஸ்டி குறைந்தாச்சு, இப்போ யாராவது எட்டு வருஷ வண்டி வாங்குவாங்களா, புது வேகன்ஆர் எடு அக்கா" என்று தினமும் போன் செய்கிறான். மாமியார் மட்டும் "எனக்காக ஒண்ணும் கடன் வாங்க வேண்டாம்" என்கிறார், அது வேறு கதை.

லைசென்ஸ் போன வருஷம் எடுத்தேன், டிரைவிங் ஸ்கூல் வண்டியைத் தவிர எதையும் தொட்டதில்லை. புது வண்டியில் கீறல் விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது. இது ஒரு காரணமா என்றும் தெரியவில்லை. எடுப்பதென்றால் இப்போதே எடுப்பதா, ஜனவரி வரை பொறுப்பதா என்றும் சொல்லுங்கள்.

கணக்கன் 49:

டீச்சர், முதலில் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் எந்த வண்டி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நானே உத்தேசமாகப் போட்டுக்கொள்கிறேன். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போய்வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், அம்மா வீடு, கோயில், கும்பகோணம் ஷாப்பிங் எல்லாம் சேர்த்து மாதம் 400 என்று வைக்கிறேன். பள்ளிக்கு நீங்கள் ஸ்கூட்டியில்தான் போவீர்கள், அது மாறாது.

400 கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் டாக்சிதான் மலிவு. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் போட்டால் 6000, டிரைவர் பேட்டா, காத்திருப்பு சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடியும். புது வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ எடுத்தால்? 2025 ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகு எக்ஸ் ஷோரூம் 4.99 லட்சம். நம் ஊரில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம் சாலை வரி, ஆக கிட்டத்தட்ட 60,000. இன்சூரன்ஸ், மற்ற செலவெல்லாம் சேர்த்து ஆன்ரோடு 6 லட்சத்தைத் தொடும். 3 லட்சம் கட்டி 3 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 6,228. வட்டியாக மட்டும் 73,000-க்கு மேல் போகும். அதோடு பெட்ரோல் 400 கிலோமீட்டருக்கு 2,500, இன்சூரன்ஸும் சர்வீஸும் மாதத்துக்குப் பிரித்தால் 2,000. பதினோராயிரத்துக்குக் கிட்டே வருகிறது, உங்கள் 3 லட்சம் அதில் முடங்கியது தனி.

ஆனால் "போனை எடுப்பதில்லை" என்று சொன்னீர்களே, அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நடுராத்திரியில் பெரியவருக்கு ஒன்று என்றால் டாக்சி வராது. அதற்காக மாதம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. முடியும் என்றால் கார் வாங்குங்கள், மனசு நோக வேண்டாம்.

வாங்குவது முடிவானால் பழசா புதுசா என்பது அடுத்தது. ஸ்விஃப்ட் 4.25, டயர், பேட்டரி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று முதல் வருஷமே ஐம்பதாயிரம் இறங்கும், ஆக 4.75. ஐந்து வருஷம் கழித்து அது 13 வயது வண்டி, 2032-ல் ஆர்.சி. முடியும், அந்த நிலையில் 2 லட்சம் வந்தால் பெரிது. நஷ்டம் 2.75. புது வேகன்ஆர் 6 லட்சம், வட்டியோடு 6.75 என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருஷத்தில் 3.25 வரும் என்றால் நஷ்டம் 3.5. வித்தியாசம் 75,000, அதுவும் அந்த வட்டிதான். ஸ்விஃப்ட்டுக்குக் குறைகிற 1.25-க்கும் கடன்தான் வாங்குவீர்கள், அதன் வட்டியையும் நடுவில் வரும் ரிப்பேரையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. ஸ்விஃப்ட் 3.25-க்குக் கிடைத்தால் நான் பழசுக்கு ஓட்டுப் போடுவேன். 4.25-க்கு இல்லை.

வடவாற்றங்கரை:

கணக்கன் சொன்னதில் ஒன்றை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, ஒரு சதவீத செஸ், மொத்தம் 29. இப்போது 18. அதாவது 129 ரூபாய் வண்டி 118 ரூபாய் ஆகிவிட்டது, எட்டரை சதவீதம் இறக்கம். புதுசு இறங்கினால் பழசும் இறங்க வேண்டும் இல்லையா? ஆனால் விற்கிறவர்கள் எல்லாம் ஆகஸ்ட் மாத விலையை மனசில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அந்த சார் 4.25 கேட்பது அப்படித்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரோ ஒரு புரோக்கர் சொல்லியிருப்பார்.

அப்புறம், பாதுகாப்பு பற்றி ஒருவரும் பேசவில்லை. கார்களில் ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயமானதே 2019 ஏப்ரலில்தான். முன்பக்கம் இரண்டு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் கட்டாயமானது அதற்கும் பிறகு. 2017 ஸ்விஃப்ட் பழைய பாடி, புது பாடி 2018-ல் வந்தது. பழையதில் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் வேரியன்ட்டைப் பொறுத்தது, எல்லாவற்றிலும் இருக்காது. ஸ்டியரிங்கில் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா, சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் அந்த வண்டியில் ஏபிஎஸ் இல்லை, அல்லது பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

புது வேகன்ஆரில் இப்போது ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வருகிறது. ஆனால் 2023-ல் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுச் சோதித்தபோது (அப்போது இரண்டு ஏர்பேக்) அதற்குக் கிடைத்தது ஒரே ஸ்டார். பாடி பலம் ஏர்பேக்கால் மாறாது. அதனால் டாடா டியாகோவையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், 2020 சோதனையில் நான்கு ஸ்டார், விலையும் வேகன்ஆரை ஒட்டித்தான். மாமியார் ஏறி இறங்கத்தான் வண்டி என்றால் அவரையே ஷோரூமுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பார்ப்பதுதான் சரி. அந்த ஒரு விஷயத்தில் வேகன்ஆர்தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன், சீட் உயரம், குனிய வேண்டாம். ஸ்விஃப்ட்டில் முழங்கால் வலிக்காரர் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். இதை உங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லையா?

காரைக்கால் காற்று:

இவ்வளவு கணக்கு எதுக்கு? காரைக்கால் பக்கம்தானே. பிஒய் 02 (புதுச்சேரி மாநில நம்பர்) வண்டி பாருங்க, வரி கம்மி என்பதால் விலையும் கம்மி. கும்பகோணம் முழுக்க ஓடுது.

ஆர்சி புக்:

காரைக்கால் காற்று, ஓடுகிறது, உண்மைதான், பிடிபடும் வரை ஓடும். வெளி மாநில நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்து ஓட்டினால் இங்கே வரி கட்ட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பரையும் மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே வயதுக்கேற்ற வாழ்நாள் வரி, அலைச்சல். மிச்சப்படுத்திய பணம் அதிலேயே போய்விடும். டெல்லி டீசல் வண்டிகளும் அப்படித்தான், அங்கே பத்து வருஷத்தோடு ஓட விடாமல் இருந்ததால் மலிவாக இங்கே வந்து இறங்கின. டீச்சருக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

டீச்சர், நீங்கள் எந்த வண்டி வாங்கினாலும் சரி, காகிதத்தில் கோட்டை விடாதீர்கள். நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டாலே எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, பைனான்ஸ் இருக்கிறதா என்று வந்துவிடும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதம் இருக்கிறதா பாருங்கள். சென்னையில் ஓடிய வண்டி என்றால் நிச்சயம் ஒன்றிரண்டு இருக்கும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் 14 நாளுக்குள், வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

"தெரிந்தவர்தானே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று அந்த சார் சொன்னால், அதில் உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து என்று சொல்லுங்கள். வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், கை மாறியிருந்தாலும் விபத்து நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் எந்த ரிட்டயரான சாரும் மறுநாளே கையெழுத்துப் போடுவார்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுக்க வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது மனிதரோடு போவது, வண்டியோடு வராது. அதனால் அடுத்த பிரீமியம் அவர் கட்டியதைவிட அதிகமாகத்தான் இருக்கும், பயந்துவிடாதீர்கள். எட்டு வருஷ வண்டிக்குப் பெரும்பாலும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது) கிடைக்காது. இடித்தால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிப் பணம் உங்கள் கையிலிருந்துதான். கற்றுக்கொள்கிற காலத்தில் இது முக்கியம். பழைய வண்டியில் கீறல் விழுந்தால் தூக்கம் வரும், சரி, பணமும் போகும்.

பாபநாசம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரை ஸ்விஃப்ட்டில் உட்காரச் சொல்லிப் பார்த்தோம், ஏறிவிட்டார், இறங்கும்போது வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதற்காகவே பாதி மனசு போய்விட்டது. ஆனாலும் விலை குறைந்தால் எடுக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். சார் இன்சூரன்ஸ் காப்பி கொடுத்தார், அதில் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதம் என்று இருக்கிறது. பாலிசி 2025 மார்ச்சில் புதுப்பித்தது. இது நல்லதா?

மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினால் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?

பதினாலாம் நம்பர் ஸ்பானர்:

டீச்சர், தஞ்சாவூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது வண்டி காட்ட வருவார்கள், பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்த பிறகு வருவார்கள், அப்புறம் நான் என்ன சொல்லி என்ன.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலையில் பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் இன்ஜின் உண்மையைச் சொல்லும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடை மாதிரி வெள்ளை படிந்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கிறது. கிளட்ச்சைப் பார்க்க, ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள், உடனே ஆஃப் ஆக வேண்டும், இழுத்துக்கொண்டே நின்றால் கிளட்ச் செலவு நிச்சயம். அந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் இன்ஜின் நல்ல இன்ஜின், டைமிங் செயின், பெல்ட் மாற்றுகிற தொல்லை இல்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பாடிதான் பார்க்க வேண்டும். கதவு ரப்பர் பீடிங்கைக் கையால் லேசாக உரித்தால் உள்ளே கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் குழி குழியாகச் சீரான இடைவெளியில் தெரியும். அது இல்லாமல் வழவழப்பாகப் பட்டி பூசியிருந்தால் அந்தப் பக்கம் பெரிய அடி. பானெட், ஃபெண்டர் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் தயாரித்த வருஷக் குறி இருக்கும், ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். டயரில் நாலு இலக்க எண், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 58,000 கிலோமீட்டர் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழுக்கையாகி இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொன்னால் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம், ஓனரே கேட்டால் இன்னும் சுலபம்.

ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பற்றியும் கேட்பார்கள். 2023-க்கு முந்தைய வண்டிகள் அதற்கென்று செய்தவை இல்லை. மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது, ரொம்பப் பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் மாற்ற வேண்டி வரலாம் என்றும். அதனால் வண்டி நின்றுவிடாது. எரிபொருள் ஹோஸை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 20 சதவீதத்துக்கு வருகிறேன், அதுதான் என்னை உறுத்துகிறது. மகன் எந்த ஊரில் இருந்தார்? வண்டி எங்கே நின்றது?

பாபநாசம் டீச்சர்:

சென்னை, வேளச்சேரி. அபார்ட்மென்ட்டின் கீழ் பார்க்கிங்கில் நிறுத்துவாராம். ஏன் கேட்கிறீர்கள்?

கணக்கன் 49:

நான் சொல்கிறேன். போனஸ் படிகள் 20, 25, 35, 45, 50. கிளெய்ம் இல்லாத ஒரு வருஷத்துக்கு 20, இரண்டுக்கு 25, இப்படிப் போய் ஐந்தாவது வருஷத்தில் 50. 2017 வண்டி, ஒரே ஓனர், கிளெய்மே வாங்கவில்லை என்றால் இப்போது 50 இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் 20 என்றால் அதற்கு முந்தைய ஒரு வருஷம் மட்டும் சுத்தம். அப்படியென்றால் 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசியை மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். அந்த வருஷத்தில் சென்னையில் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பதினாலாம் நம்பர் ஸ்பானர்:

அதேதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் நின்றது. அந்த அனுபவத்தில்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை எல்லாம் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கீழ் பார்க்கிங் என்கிறீர்கள். நான் அவர்களைத் தப்பு சொல்லவில்லை, பம்பர் மாற்றிய கிளெய்மாகக்கூட இருக்கலாம். ஆனால் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி ஓர் அடியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. அதைக் கழுவ மறந்துவிடுவார்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக் கீழே தண்டவாளத்தில் துரு, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருப்பது, டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியில் மண். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சைக் கையால் அழுத்துங்கள், மூக்கை வைத்து மோந்து பாருங்கள், சென்ட் பாட்டில் இரண்டு வைத்திருந்தால் இன்னும் நன்றாக மோந்து பாருங்கள். தண்ணீர் கார்ப்பெட் வரைதான் வந்தது, உடனே காயவைத்துச் சுத்தம் செய்தார்கள் என்றால் வண்டி பிழைத்துக்கொள்ளும். டேஷ்போர்டு வரை வந்திருந்தால் ஒயரிங் இரண்டு வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இன்று ஹார்ன், நாளைக்கு ஏசி, அப்புறம் நடுரோட்டில் ஸ்டார்ட் ஆகாது.

சுலபமான வழி: 2023 டிசம்பர், 2024 ஜனவரி சர்வீஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன வேலை என்றால் காட்டிவிடுவார்கள்.

பாபநாசம் டீச்சர்:

கேட்டோம். "லேசான டிங்கரிங் வேலைதான், பில் எல்லாம் யார் வைத்திருப்பார்கள்" என்றார் சார். சர்வீஸ் சென்டரில் கேட்டு மகனையே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். இரண்டு நாள் பதில் இல்லை, அப்புறம் 3.80-க்குத் தருகிறோம் என்று வந்தது. வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெருவில் முகம் பார்க்க வேண்டியவர், அதனால் மாமியாருக்கு ஏற வசதியில்லை என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டோம். பொய்யும் இல்லையே.

இப்போது இன்னொன்று. கும்பகோணத்தில் என்னோடு பி.எட். படித்த தோழியின் வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, 2022, 24,000 கிலோமீட்டர், ஊரிலேயே ஓடியது. 4.60 சொல்கிறாள். லோன் இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி. மாமியார் ஏறி இறங்கி, "இதுல காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டார், அதுதான் பெரிய விஷயம். தம்பி இன்னும் புதுசு புதுசு என்றே நிற்கிறான்.

வடவாற்றங்கரை:

தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புது விஎக்ஸ்ஐ ஆன்ரோடு 6.6 ஆகும், இது 4.6, இரண்டு லட்சம் வித்தியாசம். புதுசில் ஆறு ஏர்பேக், இதில் இரண்டுதான். வாரன்டியும் முடிந்திருக்கும், நீட்டித்த வாரன்டி எடுத்தாளா என்று கேளுங்கள், எடுத்திருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. புதுசு எடுப்பதென்றால் டிசம்பரில் தள்ளுபடி வரும். ஆனால் டிசம்பரில் எடுத்தால் ஒரே மாதத்தில் அது "போன வருஷ மாடல்" ஆகிவிடும். பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அது பொருட்டே இல்லை, தள்ளுபடியை வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து வருஷத்தில் விற்பீர்கள் என்றால் ஜனவரி வரை பொறுத்து, தயாரித்த மாதத்தையும் பார்த்து எடுங்கள். பல பேர் ஜனவரியில் வாங்கி, நவம்பரில் செய்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பழசு வாங்குபவர்களுக்கு இந்த நேரம் நல்லது, டிசம்பர் தாண்டினால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும் என்று விற்பவர்கள்தான் அவசரப்படுவார்கள்.

கணக்கன் 49:

4.60 அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனி மூன்று வருஷம் தாண்டிய வண்டிக்குப் புது விலையிலிருந்து 40 சதவீதம் கழித்துத்தான் மதிப்புப் போடும். 5.5 லட்ச வண்டிக்கு 3.3 வரும். சந்தையில் அதைவிட அதிகம் போகும், நல்ல வண்டி, குறைந்த ஓட்டம், ஒத்துக்கொள்கிறேன். 4.1-லிருந்து பேச்சைத் தொடங்கி 4.3-ல் முடியுங்கள். தோழி என்று பார்க்காதீர்கள், அவளும் பார்த்து 4.60 சொல்லவில்லை. 4.3-க்கு முடிந்தால், கையில் இருக்கும் 3 போக 1.3-க்குப் பள்ளிக் கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடனிலோ வாங்கிக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் லோன் என்று தனியாகப் போனால் புது கார் லோனைவிட வட்டி நிறைய.

ஆர்சி புக்:

லோன் பாக்கி உள்ள வண்டி என்பதால் பணம் கொடுக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். தோழி கையில் மொத்தமாகக் கொடுத்து "நீ கட்டிவிடு" என்று விட வேண்டாம். அவள் வங்கியில் லோனை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், அந்தத் தொகையை மட்டும் நேரே அவளுடைய லோன் கணக்குக்கு அனுப்புங்கள், மிச்சம் அப்புறம். அதற்கு முன்னால் மொத்த விலை, கொடுத்த தொகை, பாக்கி என்று இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வங்கி என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கொடுக்கும். அந்த என்.ஓ.சி.க்குக் காலக்கெடு உண்டு, அலமாரியில் வைத்துவிட வேண்டாம். அதை வைத்து ஆர்.சி.யில் ஹெச்.பி. (லோன் இருப்பதாகப் போட்ட பதிவு) நீக்கி, கூடவே 29, 30 போட்டுப் பெயர் மாற்றம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் நம்பர் மாறாது, மறுபடி சாலை வரியும் கிடையாது.

சாவி வாங்கும்போது தேதி, மணி போட்டு டெலிவரி ரசீது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த மணிக்கு முன்னால் வந்த அபராதம் அவளுடையது, பின்னால் வருவது உங்களுடையது. இருபதாயிரமாவது கையில் நிறுத்தி வைத்து, எம்பரிவாகனில் உங்கள் பெயர் வந்த அன்று கொடுங்கள். அவளுடைய ஃபாஸ்டேக்கை அவளே மூடட்டும், நீங்கள் புதிதாக எடுங்கள். இல்லையென்றால் நீங்கள் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பணம் அவள் கணக்கில் போகும், போன் உங்களுக்கு வரும்.